வேர் இருக்கட்டும்

"யார் பண்ணின வேலை இது?" என்று கேட்டாள் லேசர் நர்ஸ். டார்ச்சை அணைத்துவிட்டு, உட்கார்ந்திருந்த முக்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "நான்தான். நேத்து சாயங்காலம் உட்கார்ந்து ஒண்ணு விடாம எடுத்தேன். உங்ககிட்ட வரும்போது சுத்தமா இருக்கணும்ல."

"விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டைக் கூட்டிப் பெருக்கலாம் அக்கா. நீங்க குடியிருந்தவங்க எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, காலி வீட்டைத் திறந்து காட்டுறீங்க. நான் யாரைப் பிடிக்கிறது?"

என் கணவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடியே இருந்தார். அவர் கண் மட்டும் என்னிடமிருந்து அவளிடமும், அவளிடமிருந்து என்னிடமும் போய் வந்தது. மூடிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்தத் தோல் ஆஸ்பத்திரியில் எங்களைத் தவிர எல்லோரும் இளம்பெண்கள். சுவர் முழுக்க வழவழப்பான கால்களின் படங்கள். வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "அங்கிளுக்கு எங்க?" "வாய்ல" என்றேன். "மீசைக்கா?" "உள்ள" என்றேன். அந்தப் பெண் அதற்கப்புறம் தன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். 'பிரேக் சார்' என்று அவருக்குப் பட்டப்பெயர். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். வருஷக்கணக்காக ஒரு பக்கக் கன்னத்தில் புகையிலையை அடக்கி வைத்துப் பழகியதில் அந்த இடத்தில் புண் வந்தது. பரிசோதித்துவிட்டு, நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள் என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள். எடுத்த இடத்தை மூட நெஞ்சுத் தோலைக் கொண்டுவந்து வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். நான் வீட்டில் இருந்தபடி துணி திருத்திக் கொடுக்கிறவள். பிடித்துத் தைப்பது, இறக்கி விடுவது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. அதனால் டாக்டர் விளக்கியபோது எனக்குப் புரிந்தது. ஒட்டு நன்றாகவே பிடித்துக்கொண்டது.

ஆனால் இடம் மாறிவிட்டது என்று அந்தத் தோலுக்கு யாரும் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே வாய்க்குள்ளும் செய்தது. முடி முளைத்தது.

"ரேடியேஷன், அதான் கரண்ட், வெச்சிருந்தா முளைச்சிருக்காது. உங்களுக்குத் தேவைப்படல, அதுக்கு சந்தோஷப்படுங்க" என்றார் டாக்டர். நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிறகு வீட்டுக்கு வந்து, கஞ்சியின் பருக்கை முடியில் சிக்கிக்கொள்வதையும், ஒரு முடி நீண்டு தொண்டைப் பக்கம் போய் அவர் ஓங்கரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

நூல் பிடுங்கும் சிமிட்டா என்னிடம் இருந்தது. ஒருநாள் நானே சொன்னேன், "இங்க வாங்க, வெளிச்சத்துல உட்காருங்க" என்று. தையல் மெஷினின் விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினேன். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று சாயங்காலம் அது எங்கள் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். அந்தச் சந்தில் சிமிட்டாவை விட்டு, ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, மடியில் விரித்திருக்கும் கறுப்புத் துணித்துண்டில் துடைப்பேன். அவரால் பேச முடியாது. நான் பேசமாட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் அவர் முகத்துக்கு நேராக என் முகம் இருந்ததே இல்லை. அது சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எங்கேயும் எழுந்து போகத் தோன்றாது.

லேசர் நர்ஸ் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "பிடுங்கக் கூடாது. மெழுகு, நூல், எதுவும் கூடாது. வேர் உள்ள இருக்கணும். இந்த ஒளி கறுப்பைத்தான் தேடிப் போகும். முடி வழியா இறங்கிப் போய் வேரைச் சுடும். நீங்க வேரோட எடுத்துட்டா அதுக்குப் போக வழியில்ல. இனி ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அப்புறம் வாங்க."

"அதுவரைக்கும்?"

"வெட்டலாம். மேலோட வெட்டிக்கோங்க. வேர் இருக்கட்டும். நடுவுல வேற எதுக்காவது மாத்திரை சாப்பிட்டா எங்கிட்ட சொல்லணும், சில மாத்திரை தோலை வெளிச்சத்துக்குக் கூச வெச்சிடும். நம்ம நிறத்துக்கு எல்லா மெஷினும் ஆகாது, தோலையும் முடின்னு நெனச்சு சுட்டுடும். எங்ககிட்ட இருக்கறது ஆகும். இருந்தாலும் பார்த்துடறேன்." அவர் சட்டைப் பித்தானைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் தழும்புக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த தோலில் கொஞ்சம் மழித்துவிட்டு ஒரே ஒரு முறை அடித்தாள். "வாய்க்குள்ள இருக்கறதும் இதே தோல்தானே. இது கொப்பளிக்கலேன்னா அதுவும் கொப்பளிக்காது."

"ஒரே தடவையில போயிடுமா?"

"அஞ்சாறு தடவையாவது ஆகும், ஐயா. கறுப்பு போயிடும். வெள்ளை முடிக்கு இது வேலை செய்யாது."

அவர் சிரித்தார். தலைக்கு மை அடிக்கிற மனிதர். "தலையிலதான் நரை. வாய்க்கு இன்னும் வயசாகல."

நான் சிரிக்கவில்லை. கறுப்புத் துணியில் துடைத்த முடிகளை நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் துணியில் ஒன்றும் தெரியாது. இப்போதெல்லாம் அங்கங்கே நூல் இழை மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக.

*

வெட்டியதுதான் தவறாகப் போயிற்று. பிடுங்கினால் சில நாளாவது வழவழப்பாக இருக்கும். வெட்டினால் மறுநாளே முள். "பிரஷ்ஷை நக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு" என்றார். நாக்கு சும்மா இருக்குமா? அது போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தது. தூங்கும்போதுகூட அவர் கன்னம் உள்ளே அசைந்துகொண்டிருந்தது. என் கையும் அப்படித்தான். தைத்துக்கொண்டிருப்பேன், திடீரென்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். திரும்பி வந்து திறப்பேன். ஒரு பாவாடையின் ஓரத்தை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். வாடிக்கைக்காரி, "என்ன தையலக்கா, யார் மேல கோபம்?" என்று கேட்டாள்.

முள் பொறுக்காமல் வெட்டுவதையும் விட்டு, முடி மறுபடி நீண்டுகொண்டிருந்த சமயத்தில்தான் டிரைவிங் ஸ்கூல் முதலாளி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கத்துக்க வர்றவங்க சொல்றாங்க. நடுவுல பேச்சை நிறுத்திடறீங்களாம். வாய்க்குள்ள விரலை விடறீங்களாம்."

"தூசி அலர்ஜி" என்றார் இவர். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிவந்தார். வாய்க்குள் முடி முளைக்கிறது என்று எந்த மனிதன் சொல்வான்?

"புது பேட்ச் வருது. அதுக்கு முன்னாடி நான் ஒரு நாள் பின்சீட்டுல உட்கார்ந்து பார்த்துடறேன். நீங்க எப்பவும் போல சொல்லிக் கொடுங்க. சரியா இருந்தா பிரச்சினையே இல்ல." வாசலுக்குப் போனவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஸ்டியரிங்கையே தொடாத ஆளா இருந்தாத்தான் வாத்தியார் திறமை தெரியும். ஏம்மா, நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

"இவளா? குடையை மடக்கத் தெரியாது" என்றார் இவர்.

"அப்ப நீங்களே வாங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

முதலாளி பின்சீட்டில் உட்காரப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் இவர் சீக்கிரம் வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கைத் தானே திருப்பிக்கொண்டார்.

"எடுத்துடு."

"அடுத்த வாரம் லேசர்."

"தெரியும். நாளைக்கு அவர் பின்னாடி உட்கார்ந்திருப்பார். வேலை போச்சுன்னா லேசர் எதுக்கு?"

"இவ்வளவு நாள் பொறுத்தாச்சே."

"நீயா பொறுத்த? என் வாய். எடு."

"மாட்டேன்."

"லேசரைத் தள்ளிப் போட்டா என்ன? இன்னொரு மாசம். முடி எங்க ஓடிடப் போகுது?"

அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். முடி ஓடாது, வெளுக்கும். ஒவ்வொரு மாதமும் அந்த ஒளிக்குப் பிடிபடாதது கொஞ்சம் கூடும். வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் இந்த லேசர் ஒன்றை நம்பித்தான் காலையில் எழுந்து குளித்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அதில் பாதிதான் உண்மை என்று, முதலாளி வந்து பார்க்கப் போவதற்கு முந்தின நாள் எப்படிச் சொல்வது? "நர்ஸ் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன்.

"நர்ஸ் சொன்னா வேதம். நான் சொன்னா?"

எழுந்து சிமிட்டாவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். ஒரு கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்தால் வெளிச்சம் மறைந்தது. கையை எடுத்தால் வாய் சுருங்கியது. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை தோலையே பிடித்து இழுத்துவிட்டார். தொட்டியில் சிவப்பாகத் துப்பினார். நான் கதவில் சாய்ந்து நின்றேன். ஓடிப் போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்ள என் விரல்கள் துடித்தன. எனக்கு அது கைப்பழகிய வேலை. போகவில்லை. அவர் சிமிட்டாவைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அவருக்கு வழிவிட நான் ஒதுங்கியபோதுகூட அவர் என்னைப் பார்க்கவில்லை.

*

பயிற்சி மைதானம் காலை வெயிலில் வெறுமனே கிடந்தது. வரிசையாக நட்ட கம்பங்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசியிருந்தார்கள். நான் ஸ்டியரிங்கின் முன்னால், அவர் பக்கத்தில், முதலாளி பின்னால். என் கால் பெடலுக்கு எட்டாததால் அவர் இறங்கிச் சுற்றி வந்து சீட்டை முன்னுக்கு இழுத்தார். முந்தின நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"கிளட்ச்சை முழுசா மிதிங்க" என்றார்.

எனக்கு ஒரு கணம் யாரிடம் சொல்கிறார் என்று புரியவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக எனக்கு 'ங்க' போட்டிருந்தார். மாணவர்களுக்குப் போடுகிற 'ங்க'. அதைவிட 'ஏய்' என்று அதட்டியிருக்கலாம்.

"மிதிச்சாச்சுங்க" என்றேன். பின்சீட்டில் முதலாளி செருமினார்.

"முதல் கியர். இப்ப கிளட்ச்சை மெதுவா விடுங்க. அவசரம் வேணாம். வண்டியே சொல்லும்."

வண்டி நடுங்கியது, பிறகு நகர்ந்தது. கீழே தரை நகர்வதை என் காலாலேயே உணர்ந்தேன். அவர் குரல் தணிந்து, சீராக, எந்தச் சடைவும் இல்லாமல் வந்தது. இப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பது எனக்குத் தெரியாது. எத்தனையோ அந்நியர்கள் தினமும் கேட்டிருக்கிறார்கள்.

"கம்பத்தைப் பார்க்காதீங்க. போக வேண்டிய இடத்தைப் பாருங்க. இப்ப லேசா..."

நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தொண்டையின் அடியிலிருந்து வருவது. அடுத்து ஓங்கரிப்பு. திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து, முழங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, இரண்டு விரலை உள்ளே விட்டிருந்தார். லேசாக என்ன? திருப்பவா, நிறுத்தவா? சிவப்பு வெள்ளைக் கம்பம் கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டு வந்தது. நான் எதை மிதித்தேனோ, வண்டி உறுமியது. அந்த நொடியில் ஒரு குலுக்கலோடு நின்றது. தன் பக்கத்து பிரேக்கை மிதித்தது அவர். வாய் அவர் வசத்தில் இல்லாதபோதும் கால் இருந்தது.

"பாருங்க, இதைத்தான் சொன்னாங்க" என்றார் முதலாளி. குரலில் கோபமில்லை. வேறு ஏதோ பயம் இருந்தது. "சார், இது அலர்ஜி இல்ல."

இவர் இன்னும் குனிந்தே இருந்தார். முதுகு ஏறி இறங்கியது. வண்டிக்குள் இன்ஜின் அணைந்த சூடும் சீட்டின் பிளாஸ்டிக் வாடையும்.  அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"அவருக்கு வாய்க்குள்ள முடி முளைக்குது" என்றேன்.

"என்னது?"

"முடி. நெஞ்சுத் தோலை எடுத்து வாய்ல வெச்சுத் தெச்சாங்க. அதுல இருந்த முடி."

முதலாளி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். என்னை, பிறகு அவரை. "வாய்க்குள்ளயா?"

"அடுத்த வாரம் லேசர். அதுக்காக பிடுங்காம விட்டிருக்கோம். பிடுங்கினா லேசர் பிடிக்காது. நேத்தே எடுத்துடச் சொன்னார், நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"அடப்பாவி!" முதலாளி சீட்டில் தொப்பென்று சாய்ந்தார். "எனக்குத் தலையில முளைக்க மாட்டேங்குது, உங்களுக்கு வாய்க்குள்ள முளைக்குதா?"

இவர் சிரிக்கவில்லை. முதலாளியும் பாதியில் நிறுத்திக்கொண்டார். கைக்குட்டையை எடுத்துத் தலையைத் துடைத்தார். "அது திரும்பி வந்துடுச்சோன்னு நெனச்சேன் சார். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அதான் இந்தப் பின்சீட்டுக் கூத்தெல்லாம்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "லேசர் முடியற வரைக்கும் ரோட்டுக்குப் போக வேணாம். இங்கயே ரிவர்ஸ் சொல்லிக் கொடுங்க. அதுக்குப் பேச்சே வேணாம், கை காட்டினா போதும்."

வேலை இருந்தது. ஆனால் வீடு திரும்பும்போது அவர் எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார். தெரு முனையில் மட்டும் நின்று, திரும்பாமல் சொன்னார்: "ஊர் பூரா தமுக்கடிச்சுட்டியே."

அந்த வாரம் முழுக்க அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் தைத்தேன், பிரித்தேன், தைத்தேன்.

*

"நல்லா வளர்த்துக் கொண்டாந்திருக்கீங்க" என்றாள் லேசர் நர்ஸ். நெஞ்சில் அடித்த இடத்தைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். உள்ளே இருந்ததைத் தரையோடு தரையாக வெட்டிவிட்டாள். ஈரப் பஞ்சுத் துணியால் பற்களை மூடப் போனவள் நின்று, டார்ச்சைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

"ஐயா, இதுல வெள்ளையும் கலந்திருக்கே. அது போகாது. முதல்லயே சொல்லிடறேன், பின்னாடி என்னைக் கேக்கக் கூடாது."

அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு இருக்கும்?"

"மூணுல ஒண்ணு. முன்னாடி அவ்வளவு இல்ல. கூடிட்டே வந்துச்சு."

 நர்ஸ் சுவரில் இருந்த எதையோ படிப்பது போல நின்றாள்.

"அதனாலதான் அன்னைக்கு எடுக்க மாட்டேன்ன."

"ஆமா."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா, அப்புறம் லேசருக்கு எதுக்குப் போகணும், பிடுங்க நீதான் இருக்கியேன்னு சொல்லியிருப்பீங்க."

அவர் யோசித்தார். நாக்கு கன்னத்துக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தது தெரிந்தது.

"சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு நர்ஸைப் பார்த்து, "போறது போகட்டும், அடிங்க" என்று சாய்ந்து, வாயைத் திறந்தார்.

அவள் எங்கள் மூன்று பேருக்கும் கண்ணாடி மாட்டினாள். என் கண்ணாடிக்குள் அறை முழுக்க இருட்டாயிற்று. "வலிச்சா கையைத் தூக்குங்க" என்று அவள் குரல் கேட்டது. ஒரு 'டிக்'. முடி கருகும் வாடை எழுந்தது. அவர் வாய்க்குள்ளிருந்து வருகிற வாடை. இன்னொரு 'டிக்'. அவர் தொண்டையிலிருந்து தாழ்வாக ஒரு சத்தம் வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தூக்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க கொஞ்சம் ஆடாம நில்லுங்க அக்கா" என்றாள் நர்ஸ், அடுத்ததை அடித்துக்கொண்டே.